மூன்று குழந்தைகள், மூன்று கார் சீட், ஒரு சின்ன கார்: பின்சீட்டில் பாதுகாப்பாகப் பொருத்த முழு வழிகாட்டி

இரட்டையர்களுக்கு ஒரு வயது முடிந்ததும் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "இனிமே பெரிய வண்டிதான் வாங்கணும்." மூத்தவளுக்கு அப்போது ஆறு வயது. எங்களிடம் இருப்பது நாலு மீட்டருக்குள் அடங்கும் ஒரு ஹேட்ச்பேக். அதன் கடனே இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. இன்னொரு கடன் வாங்குவதற்கு முன் இந்த வண்டியில் ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என நினைத்தேன். நாலு சனிக்கிழமை, ஒரு டெய்லர் டேப், நிறைய வியர்வை. கடைசியில் மூன்று சீட்டும் உட்கார்ந்துவிட்டன. இடம் பற்றாததால் தோற்கிறவர்களை விட, அளக்காமல் வாங்கியும் வரிசை தெரியாமல் வைத்தும் தோற்கிறவர்கள்தான் அதிகம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதே இடத்தில் நிற்கும் அம்மா அப்பாக்களுக்காக எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மடி ஏன் போதாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், வீட்டில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். மோதலில் வண்டி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண நேரத்தில் 10 கிலோ குழந்தை உங்கள் கையை இழுக்கும் விசை சராசரியாக 140 கிலோ எடைக்குச் சமம். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஏறக்குறைய மூன்று மூட்டையை, எதிர்பார்க்காத நேரத்தில், ஒரு நொடி கூட இல்லாத அவகாசத்தில் யாரால் பிடித்து நிறுத்த முடியும்? எந்த அம்மாவின் பாசத்துக்கும் அந்தப் பலம் கிடையாது. பெரியவர் சீட் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துப் போட்டுக்கொள்வது இன்னும் மோசம். பெரியவரின் முழு உடம்பும் குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு சீட்டோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம். நான் அபராதத்துக்குப் பயந்து இதைச் செய்யவில்லை. ஆனால் "சட்டத்திலேயே இருக்கு" என்று சொன்னால் சில பெரியவர்கள் சட்டென்று ஒத்துக்கொள்கிறார்கள். தேவைப்பட்டால் நீங்களும் சொல்லிப் பாருங்கள்.

முதல் வேலை: குழந்தையையும் வண்டியையும் அளப்பது

சீட் வாங்குவதற்கு முன் இரண்டு அளவு வேண்டும். குழந்தையின் எடையும் உயரமும் முதல் அளவு. வயதை வைத்து வாங்காதீர்கள். "ஒரு வயசுக்கு மேல" என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. எங்கள் இரட்டையர்களில் ஒருவன் 9.4 கிலோ, இன்னொருவள் 10.1 கிலோ. ஒரே நாளில் பிறந்தவர்களுக்கே கணக்கு வேறு.

அடுத்தது பின்சீட். டெய்லர் டேப்பை எடுத்து இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உட்காரும் மெத்தை மட்டத்தில் ஒரு கதவிலிருந்து மறு கதவு வரை எவ்வளவு, தோள் மட்டத்தில் எவ்வளவு. இரண்டும் ஒன்றாக இருக்காது. கதவின் கைப்பிடி உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் அகலம் குறையும். எங்கள் வண்டியில் கீழே 126 சென்டிமீட்டர், தோள் மட்டத்தில் 131. அதன் பிறகு ஒவ்வொரு பக்கிளும் எங்கே நிற்கிறது, மெத்தைக்குள் புதைந்திருக்கிறதா, நீண்ட பட்டையில் ஆடுகிறதா என்று பாருங்கள். முன்சீட்டைத் தேவையான இடத்தில் நிறுத்திவிட்டு, அதன் முதுகுக்கும் பின்சீட்டின் முதுகுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் நடு இருக்கையின் பெல்ட். தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டா, பழைய பஸ் சீட்டில் இருப்பது போல இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட்டா? மூன்று குழந்தைகளுக்கான உங்கள் கணக்கு முழுவதும் இந்த ஒரு பெல்ட்டில்தான் நிற்கிறது. இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் என்ன செய்யலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பின்சீட்டின் முதுகும் மெத்தையும் சேரும் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். ஐசோஃபிக்ஸ், அதாவது பெல்ட் இல்லாமல் கார் சீட்டை நேராக வண்டியோடு மாட்டும் கொக்கி அமைப்பு இருந்தால், விரலை விட மெலிந்த இரும்புக் கம்பிகள் தட்டுப்படும். ஒரு ஜோடிக் கம்பிக்கு நடுவில் 28 சென்டிமீட்டர் இடைவெளி. சின்ன கார்களில் பெரும்பாலும் கதவோரத்து இரண்டு இடங்களில்தான் இது இருக்கும், நடுவில் இருக்காது. இடது ஜோடியில் ஒரு கம்பியையும் வலது ஜோடியில் ஒரு கம்பியையும் எடுத்து நடுவில் ஒரு சீட்டை மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கம்பிகள் அந்த விசைக்காக வைக்கப்பட்டவை அல்ல. வண்டியோடு வந்த கையேட்டில், எந்த இருக்கையில் எந்த வகை சீட் பொருந்தும் என்று ஒரு அட்டவணை இருக்கும். டேஷ்போர்டு பெட்டிக்குள் தூசி படிந்து கிடக்கும் அந்தப் புத்தகத்தை ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

இரண்டாவது வேலை: யாருக்கு என்ன சீட்

இங்கே அவசரப்படவே கூடாது. மொத்தம் மூன்று வகை. குழந்தையின் முகம் வண்டியின் பின்கண்ணாடியைப் பார்க்கும்படி வைப்பது முதல் வகை, இதை ரியர் ஃபேசிங் என்பார்கள். முகம் முன்பக்கம் பார்க்க, ஐந்து முனை பட்டையால் கட்டுவது இரண்டாவது. குழந்தையைச் சற்று உயர்த்தி உட்காரவைத்து, வண்டியின் சொந்த பெல்ட்டையே போடுவது மூன்றாவது, அதாவது பூஸ்டர்.

சின்னக் குழந்தைகளுக்கு ரியர் ஃபேசிங்கை எவ்வளவு நாள் நீட்டிக்க முடியுமோ அவ்வளவு நாள் நீட்டியுங்கள். கைக்குழந்தையின் தலை உடம்பு நீளத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அந்தக் கனத்தைத் தாங்கும் கழுத்தெலும்புகளோ இன்னும் முழுசாக இறுகவில்லை. முன்னால் மோதும்போது முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த குழந்தையின் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னே பாயும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் கூடு ஒன்றாகத் தாங்கிவிடும். ஐரோப்பாவின் ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்கிறது. ஸ்வீடனில் நாலு வயது வரை அப்படி வைப்பது வழக்கம். "கால் மடங்கிக்கிட்டு கஷ்டமா இருக்காதா?" என்று எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். குழந்தைகள் சம்மணம் போட்டுக்கொள்கின்றன, காலைத் தூக்கி மெத்தைமேல் வைத்துக்கொள்கின்றன. அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

மூத்தவள் 117 சென்டிமீட்டர், 19 கிலோ. அவளுக்கு முதுகுச் சாய்வு உள்ள பூஸ்டர். முதுகில்லாத வெறும் மணை போன்ற பூஸ்டர் குறுகலாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் ஐரோப்பிய விதியில் அந்த வகைக்குப் புதிதாக அனுமதி தருவது 125 சென்டிமீட்டர் உயரமும் 22 கிலோ எடையும் தாண்டிய பிள்ளைகளுக்குத்தான். அதில் தூங்கும்போது தலை சாய இடமில்லாமல் குழந்தை பக்கவாட்டில் சரியும், தோள் பெல்ட் நழுவிவிடும்.

எந்த சீட்டாக இருந்தாலும் ஆரஞ்சு நிற ஒட்டுத்தாளைத் தேடுங்கள். வட்டத்துக்குள் ஈ (E) என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். ஆர்44/04 அல்லது ஆர்129 என்று எழுதியிருக்கும். இந்தியத் தரம் என்றால் ஏஐஎஸ்-072. இவை எதுவும் இல்லாமல், சில நூறு ரூபாய்க்குத் துணி மெத்தையில் நாலு பட்டை தைத்து "கார் சீட்" என்று விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். அது வெறும் மெத்தை.

அமெரிக்காவிலிருந்து அண்ணனோ மைத்துனரோ கொண்டுவந்து கொடுக்கும் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அங்குள்ள வண்டிகளில் சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொண்டு, பிறகு உள்ளே மட்டுமே போகும். அதை நம்பித்தான் அந்த சீட்களில் பல வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பெல்ட் அப்படிப் பூட்டாது. சட்டென்று இழுத்தால் மட்டுமே பிடிக்கும், மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். ஆகவே சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்வும் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த சீட் நம் வண்டியில் நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டே போகும்.

இனி அகலம். கடைக்காரர் சொல்லும் அகலத்தை நம்பி நான் ஏமாந்தேன். ஒரு கடையில் "எல்லாம் ஒரே சைஸ்தாங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்து அளந்தால் 46, 46, 45. மொத்தம் 137. எங்கள் வண்டியின் தோள் மட்டமே 131. திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த முறை டேப்போடு போய் அடிப்பாகம், தோள் பாகம், தலைச் சிறகு (தலைக்கு இருபுறமும் நீளும் பாகம்) மூன்று இடத்திலும் அளந்தேன். சின்னவர்களுக்கு 43 சென்டிமீட்டரில் இரண்டு, பெரியவளுக்கு 44ல் ஒன்று. மொத்தம் 130. கணக்கில் ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் மிச்சம், ஆனால் இடம் இருந்தது.

கணக்கில் இடிக்கிற சீட்டும் உட்காரும் சூட்சுமம்

மூன்று அகலத்தையும் கூட்டி, வண்டியின் அகலத்தைத் தாண்டிவிட்டால் முடியாது என்று விட்டுவிடாதீர்கள். சீட் என்பது நேர்ப்பெட்டி அல்ல. ஒவ்வொன்றும் ஒரு இடத்தில்தான் அதிக அகலம். பூஸ்டரின் அகலமான பாகம் தோள், அது வண்டி சீட்டின் முதுகோடு ஒட்டி நிற்கும். ரியர் ஃபேசிங் சீட்டின் அகலமான பாகமும் தோள்தான், ஆனால் அது முன்சீட்டுப் பக்கம் வந்துவிடும். முதுகோடு ஒட்டுவது குறுகலான கால் பக்கம். எனவே ஒன்றை முன்னோக்கியும் பக்கத்தில் இருப்பதைப் பின்னோக்கியும் வைத்தால், பல் சக்கரங்கள் போல ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் மேடு போய் உட்காரும்.

இரண்டாவது சூட்சுமம், எல்லாவற்றுக்கும் ஐசோஃபிக்ஸ் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் இருப்பது. ஐசோஃபிக்ஸ் மாட்டினால் சீட் அந்தக் கம்பிக்கு நேராகத்தான் நிற்கும், ஒரு விரல் கூட நகராது. பல சின்ன வண்டிகளில் அந்தக் கம்பிகள் நடு இருக்கையின் பக்கமாகத் தள்ளியே இருக்கும். பெல்ட்டில் கட்டினால் சீட்டைக் கதவுப் பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்த்தி வைக்கலாம். இறுக்கமாகக் கட்டிய பெல்ட் ஐசோஃபிக்ஸை விடக் குறைந்தது இல்லை. தப்பு செய்ய வாய்ப்பு குறைவு என்பதுதான் ஐசோஃபிக்ஸின் பெரிய நன்மை. இரண்டையும் சேர்த்துப் போடலாமா? சீட் கையேடு அனுமதித்தால் மட்டும். இல்லையென்றால் ஏதாவது ஒன்று.

யார் எங்கே என்று முடிவு செய்வதும் இந்த இடத்தில்தான். நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம். என் கணவர் உயரம், முன்சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார். அவருக்குப் பின்னால் ரியர் ஃபேசிங் வைத்தால் அவருடைய முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். எனவே ஓட்டுநருக்குப் பின்னால் பூஸ்டர். நடுவில் ஒரு ரியர் ஃபேசிங். அதன் தலைப்பக்கம் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் கொஞ்சம் நுழைந்துகொள்ளும், அந்தச் சந்து நமக்கு இலவசமாகக் கிடைத்த இடம். இடது ஓரத்தில் இன்னொரு ரியர் ஃபேசிங். அந்தக் குழந்தையை நடைபாதைப் பக்கம் நின்றபடி ஏற்றி இறக்கலாம், வண்டிகள் பாயும் பக்கம் நிற்க வேண்டாம். முன்சீட்டில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருவது நான். எனக்குப் பின்னால் இருக்கும் சீட்டுக்காக என் சீட்டை முன்னுக்குத் தள்ளிக்கொள்கிறேன்.

இரண்டு ரியர் ஃபேசிங் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இரண்டின் தோளும் இடிக்கும். ஓட்டுபவர் குட்டையானவர் என்றால் பூஸ்டரை நடுவிலும் ரியர் ஃபேசிங்குகளை இரு ஓரத்திலும் வைப்பதே இன்னும் சுலபம். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. ஒரு சீட்டை ஒரு படி சாய்வாகவும் மற்றதை நிமிர்த்தியும் வைத்தேன். தலைச் சிறகுகள் வேறு வேறு உயரத்தில் வந்துவிட்டன, இடி போய்விட்டது. கழுத்து நன்றாக நின்றுவிட்ட குழந்தையை கையேடு அனுமதிக்கும் அளவுக்கு நிமிர்த்தலாம். பிறந்த குழந்தைக்கு இது ஆகாது, நிமிர்ந்த சீட்டில் தலை முன்னே தொங்கி மூச்சுக்குழாய் அடைபடும்.

பொருத்துவது: நடுவில் இருந்து தொடங்குங்கள்

கையையும் முழங்காலையும் மடக்க இடம் இருக்கும்போதே கஷ்டமானதை முடித்துவிட வேண்டும். எங்களுக்கு அது நடு சீட். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், நிழலில் நிறுத்துங்கள், குழந்தைகளைப் பாட்டியிடம் விட்டுவிடுங்கள்.

சீட்டை வைத்ததும் பெல்ட் போகும் வழியைக் கவனியுங்கள். பின்பக்கம் பார்த்து வைக்கும்போது நீல நிறக் குறி உள்ள வழி, முன்பக்கம் பார்த்து வைக்கும்போது சிவப்புக் குறி உள்ள வழி. இரண்டு வழியும் உள்ள சீட்டில் நிறத்தை மாற்றிக் கட்டியிருப்பதை நான் இரண்டு நண்பர்களின் வண்டியில் பார்த்திருக்கிறேன். பெல்ட்டை முறுக்கில்லாமல் நுழைத்து, பக்கிளில் கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். இப்போது ஒரு முழங்காலை சீட்டுக்குள் ஊன்றி உங்கள் எடையைக் கொடுத்துக்கொண்டே, இடுப்புப் பட்டையின் தளர்வைத் தோள் பட்டை வழியாக வெளியே இழுங்கள். கையால் மட்டும் இழுத்தால் போதாது. மெத்தை அமுங்கும்போது வெளிவரும் அந்தக் கடைசி நாலு விரல் பெல்ட்தான் சீட்டைப் பிடித்துவைக்கும். இறுக்கிய கையோடு சீட்டில் உள்ள பெல்ட் பூட்டை மூடுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பெல்ட் நுழையும் இடத்தில் கையை வைத்து இடமும் வலமும், முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது. சீட்டின் தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு "லூசா இருக்கே" என்று பதறாதீர்கள், ரியர் ஃபேசிங்கில் அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

பக்கிளையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். பக்கிளின் உடம்பு சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பின் மேல் மடங்கி நிற்கக்கூடாது. பட்டை மட்டுமே விளிம்பைச் சுற்ற வேண்டும். பக்கிள் மடங்கி நின்றால் மோதலின்போது அது உடையலாம், திறந்துகொள்ளவும் செய்யலாம். அப்படி இருந்தால் அந்த சீட் அந்த இடத்துக்குப் பொருந்தாது, எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை.

சாய்வுக் கோணம் சீட்டின் பக்கவாட்டில் ஒரு கோடாகவோ குமிழியாகவோ இருக்கும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது அதைப் பாருங்கள், சரிவான தெருவில் நிறுத்திப் பார்த்தால் பொய் சொல்லும். கோணம் வரவில்லையென்றால், கையேடு அனுமதித்தால், இறுக்கமாகச் சுருட்டிய துண்டை சீட்டுக்கும் மெத்தைக்கும் நடுவில் கொடுக்கலாம்.

ஓரத்து சீட்டும் இப்படியேதான். ஐசோஃபிக்ஸில் மாட்டுவதாக இருந்தால் இரண்டு கிளிக் சத்தம், இரண்டு பச்சைக் குறி. பிறகு இழுத்துப் பார்ப்பது. கால் ஊன்றும் தாங்குகட்டை உள்ள சீட் என்றால் அது தரையில் உறுதியாக நிற்க வேண்டும். சில வண்டிகளில் பின்பக்கக் கால்வைக்கும் தரைக்கு அடியில் சாமான் வைக்கும் பெட்டி இருக்கும். அதன் மூடிமேல் தாங்குகட்டையை ஊன்றக்கூடாது. முன்பக்கம் பார்த்து ஐசோஃபிக்ஸில் வைக்கும் சீட்டுக்கு மேல்பட்டை இருந்தால் அதையும் கட்டாயம் மாட்டுங்கள். ஹேட்ச்பேக்கில் அதன் கொக்கி பெரும்பாலும் பின்சீட் முதுகின் பின்புறம், டிக்கிக்குள் இருக்கும். மாட்டாமல் விட்டால் குழந்தையின் தலை முன்னே பாயும் தூரம் அதிகமாகிவிடும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐசோஃபிக்ஸுக்கு குழந்தையும் சீட்டும் சேர்த்து 33 கிலோதான் வரம்பு. கனமான சீட் என்றால் இந்த எல்லை நினைப்பதை விட சீக்கிரம் வந்துவிடும்.

கடைசியாக பூஸ்டர். இங்கே சண்டை முழுவதும் பக்கிளோடுதான். பூஸ்டரின் அடிப்பாகம் பக்கிள்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் பெல்ட் போடுவதற்குள் அழுகை வந்துவிடும், ஒருநாள் போடாமலே கிளம்பிவிடுவோம். பூஸ்டரைக் கதவுப் பக்கம் முழுசாகத் தள்ளுங்கள். பக்கத்தில் ரியர் ஃபேசிங் இருப்பதன் பலன் இங்கே தெரியும். அதன் குறுகிய கால் பக்கம் முதுகோடு ஒட்டி நிற்பதால், பக்கிள் இருக்கும் இடத்தில் ஒரு கை நுழையும் அளவுக்குச் சந்து கிடைக்கிறது. எங்கள் மகளுக்கு இப்போது தானே போடத் தெரியும். முதலில் பெல்ட்டை முழங்கால்வரை இழுத்துக்கொள்கிறாள், பிறகு இடது கையால் பக்கிளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வலது கையால் பெல்ட்டின் உலோக நாக்கை நுழைக்கிறாள். நான் அந்த கிளிக் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் கதவை மூடுவேன். பெல்ட் எட்டவில்லை என்று கடைகளில் விற்கும் நீட்டிப்புப் பட்டையை வாங்கி மாட்டாதீர்கள்.

மூன்றும் உட்கார்ந்த பிறகு முதலில் இருந்து மறுபடி ஆட்டிப் பாருங்கள். பக்கத்து சீட்டை நெருக்கி வைக்கும்போது முன்பு இறுக்கிய சீட் தளர்ந்திருக்கும். ஒன்றோடு ஒன்று உரசலாம். ஒன்றின்மேல் ஒன்று சாயக்கூடாது, ஒன்று மற்றதைத் தூக்கி நிறுத்தியிருக்கவும் கூடாது. நான் செய்யும் சோதனை இது: ஓர சீட்டை எடுத்துவிட்டால் நடு சீட் அதே இறுக்கத்தில் நிற்கிறதா? நின்றால் சரி.

குழந்தையைக் கட்டுவது

சீட்டை நன்றாகக் கட்டிவிட்டு குழந்தையைத் தளரக் கட்டினால் உழைப்பு வீண். ரியர் ஃபேசிங்கில் பட்டை தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருந்து வர வேண்டும். முன்பக்கம் பார்க்கும் சீட்டில் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. இறுக்கிய பிறகு தோள்பட்டை அருகே பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும், விரல் வழுக்கினால் சரி.

நம் வீட்டுக் குழந்தைகளுக்கே உரிய சில விஷயங்கள் எந்தக் கையேட்டிலும் இருக்காது. அரைஞாண் கயிறு, அதுவும் வெள்ளியில் போட்டிருந்தால், இடுப்புப் பட்டைக்கு அடியில் மாட்டி அமுக்கும். எங்கள் பையனுக்கு ஒருநாள் தொடைக்கு மேல் சிவந்து தடம் விழுந்திருந்தது, அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது கயிற்றை மேலே ஏற்றிவிட்டுத்தான் பட்டை போடுகிறேன். பட்டுப்பாவாடை இன்னொன்று. கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பாவாடையின் கொத்து முழுவதும் கால்களுக்கு நடுவில் உள்ள பட்டையின் மேல் குவிந்து, பக்கிள் இறுகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் இறுகியிருப்பது துணி மட்டும்தான். நான் பாவாடையைப் பையில் வைத்து, மண்டபத்துக்குப் போய்த்தான் மாற்றிவிடுகிறேன். ஊட்டி, கொடைக்கானல் போகும்போது ஸ்வெட்டருக்கும் இதே கதை. முதலில் பட்டை, அதன்மேல் போர்வை.

பூஸ்டரில் உட்காரும் பிள்ளைக்கு இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறக்கூடாது, தொடை தொடங்கும் எலும்பின்மேல் படிய வேண்டும். தோள் பட்டை கழுத்தை அறுக்காமலும் தோளைவிட்டு நழுவாமலும் தோளின் நடுவில் போக வேண்டும். பட்டையைக் கைக்குக் கீழே விட்டுக்கொள்ளும் பழக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். அதைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள். பூஸ்டரை எப்போது விடலாம்? முதுகு முழுசாக ஒட்டி உட்கார்ந்தபடி முழங்கால் சீட் விளிம்பில் மடங்கி, இந்த இரண்டு பட்டையும் பூஸ்டர் இல்லாமலே சரியான இடத்தில் படிந்தால். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது 135 சென்டிமீட்டருக்கு மேல், பலருக்கு 150க்குப் பக்கத்தில்தான் நடக்கும்.

பொருந்தவில்லை என்றால்

நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் அங்கே பூஸ்டர் வைக்கவே கூடாது. தோளைப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் பிள்ளை வயிற்றோடு மடங்கிவிடும். சில ரியர் ஃபேசிங் சீட்கள் இடுப்பு பெல்ட்டில் கட்ட அனுமதிக்கப்பட்டவை, கையேட்டில் படம் போட்டிருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் நடுவில் அது. கிடைக்கவில்லையென்றால் மூவரில் மூத்த பிள்ளையை முன்சீட்டில், பூஸ்டரோடு, சீட்டை முழுசாகப் பின்னுக்குத் தள்ளி உட்கார வைப்பதுதான் மிச்சம். அது கடைசி வழி. ஆனால் ரியர் ஃபேசிங் சீட்டை ஏர்பேக் உள்ள முன்சீட்டில் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். ஏர்பேக் வெடித்து வரும் வேகம் சீட்டின் முதுகில், குழந்தையின் தலைக்கு நேர் பின்னால் அடிக்கும். அந்த அடிக்குக் குழந்தை தாங்காது.

எல்லாம் செய்தும் முடியவில்லை, வண்டி மாற்றத்தான் வேண்டும் என்றாலும் பெரிய எஸ்யூவிதான் வேண்டும் என்பதில்லை. நாலு மீட்டருக்குள் அடங்கும் நீளத்திலேயே மூன்று வரிசை உள்ள ரெனோ ட்ரைபர் மாதிரி வண்டிகள் இருக்கின்றன. வாங்கும் முன் உங்கள் மூன்று சீட்டையும் ஷோரூமுக்கே எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். வண்டிகளை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் பாரத் என்கேப் சோதனை முடிவுகளில் பெரியவர்களுக்கு 32 மதிப்பெண், குழந்தைகளுக்கு 49 மதிப்பெண் என்று தனித்தனியாக இருக்கும். 49ல் 12 மதிப்பெண், கார் சீட்களை அந்த வண்டியில் பொருத்த முடிகிறதா என்பதற்கே. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல் அந்த இரண்டாவது எண்ணைக் கேளுங்கள்.

தெரிந்தவர்கள் தரும் பழைய சீட்டை, அது விபத்தில் சிக்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். பிளாஸ்டிக் கூட்டில் உள்ள கீறல் துணிக்கு அடியில் தெரியாது. உங்கள் வண்டி மோதினாலும் சீட்டை மாற்றிவிடுங்கள். தயாரித்த தேதியும் பயன்படுத்தும் காலமும் சீட்டின் அடியில் அச்சிட்டிருக்கும்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது

எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது இதுதான். மூன்று சீட் உட்கார்ந்துவிட்டால் பின்னால் பெரியவர்களுக்கு இடமில்லை. கோவையிலிருந்து ராஜபாளையத்துக்கு முதல் முறை கிளம்பியபோது என் மாமியார் வாசலில் பையோடு நின்றார். "நான் ஒரு ஓரமா உக்காந்து ஒருத்தனை மடியில வச்சுக்கிறேம்மா, அழுதா யாரு பாத்துக்குவா?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. மூன்று பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தவர். நான் அவரை பின்சீட் பக்கம் கூட்டிப்போய், மூன்று சீட்டையும் கையால் ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். ஆட்டினார். அசையவில்லை. பிறகு அவரே பேரனைத் தூக்கி உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல பட்டையைக் கிள்ளிப் பார்த்தார். "இறுகித்தான் இருக்கு" என்றார். அன்று அவர் என் கணவரின் தம்பியோடு ரயிலில் வந்தார். இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முன் பட்டையைக் கிள்ளிப் பார்ப்பது அவர் வேலை. பெரியவர்களைத் தள்ளி நிறுத்தாமல் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள் என்பதுதான் இதில் நான் கற்றது.

வழியில் அழுவார்கள். அழுதால் ஓடும் வண்டியில் பட்டையைக் கழற்றி எடுக்காமல், நிறுத்தி எடுங்கள். நாங்கள் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் நிறுத்துகிறோம். ஆறு மணி நேரப் பயணம் எட்டாகிறது. பிறந்து சில வாரமே ஆன குழந்தையை இன்னும் அடிக்கடி எடுத்துப் படுக்கவைக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் பக்கிளின் உலோகப் பாகம் தோலைச் சுட்டுவிடும். நிறுத்திவிட்டுப் போகும்போது மூன்று சீட்டின்மேலும் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுவிடுங்கள். வந்ததும் முதலில் நான்கு கதவையும் திறந்துவைத்து, பக்கிளை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு குழந்தையை உட்காரவையுங்கள். பால் பாக்கெட் வாங்கத்தானே என்று அவர்களை உள்ளே விட்டு இறங்காதீர்கள். மூன்று பேரை ஏற்றி இறக்க எனக்கு ஆறேழு நிமிஷம் ஆகிறது. பால் வாங்குவதானாலும் அந்த ஆறேழு நிமிஷத்தை நான் சேர்த்தே கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.